முப்பது நாள் பதிவு

பெரிய அலுவலக வளாகம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் 11 வருடம் இருந்தேன். 64 கேமரா, 30 நாள் பதிவு; அதற்குப் பிறகு தானாக அழிந்துவிடும். சேர்ந்த புதிதில் அந்த அழிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் என்ன கெட்டுவிடும்?

ஒரு திங்கட்கிழமை காலையில் லேப்டாப் ஒன்றைக் காணவில்லை என்று புகார் வந்தது. வெள்ளி மாலை வரை மேசையில் இருந்ததாம். துறை மேலாளர் நேரே என்னிடம் வந்து ஒரு பெண் ஊழியரின் பெயரைச் சொன்னார். "இந்த 30 நாளும் அவங்க எங்க போனாங்க, யாரோட பேசினாங்க, எல்லாம் வேணும்." சரி என்று உட்கார்ந்து எடுக்க ஆரம்பித்தேன்.

நாலு நாள் பதிவைப் பார்த்து முடிப்பதற்குள் லேப்டாப் எனக்கு மறந்தே போனது. அவர் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து போனில் பேசியபடி அழுதது தெரிந்தது. இரண்டு முறை தொழிற்சங்கப் பிரதிநிதியோடு நின்று பேசியதும் தெரிந்தது. மேலாளருக்கு வேண்டியது லேப்டாப்தானா என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது.

அடிப்படை உரிமை வழக்குகளில் பல நாட்டு நீதிமன்றங்கள் வரிசையாகச் சில கேள்விகள் கேட்கும். சட்டம் அனுமதிக்கிறதா, நோக்கம் நியாயமானதா, இதைவிடக் குறைவாகத் தலையிட்டு அதே காரியத்தை முடிக்க முடியாதா, வரும் பயன் ஏற்படும் பாதிப்புக்கு ஈடாகுமா. எனக்கு மூன்றாவது ஒன்றே போதுமாக இருந்தது. வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை, அந்த அறை வாசலில் இருக்கும் கேமரா. அதை மட்டும் கொடுத்தேன். மற்றதற்கு எழுத்தில் உத்தரவு கேட்டேன், வரவில்லை.

லேப்டாப்பும் கிடைக்கவில்லை. மீதியையும் கொடுத்திருந்தால் கிடைத்திருக்குமா என்று இன்றும் சில சமயம் யோசிப்பதுண்டு.

கேமராவே கூடாது என்று சொல்ல என்னால் முடியாது. இரவுப் பணியில் ஒருவர் மயங்கி விழுந்ததைத் திரையில் பார்த்துத்தான் ஆம்புலன்ஸை அழைத்தோம். 1948-இல் ஐ.நா. ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 3-ஆம் பிரிவு உயிர், சுதந்திரம், பாதுகாப்பு மூன்றையும் ஒரே வரியில் வைக்கிறது. 12-ஆம் பிரிவு ஒருவரது அந்தரங்கத்தில் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. தலையிடவே கூடாது என்று சொல்லவில்லை. நாங்கள் சம்பளம் வாங்கியது அந்த இடைவெளியில்தான்.

30 நாள் கணக்கைப் பற்றி அப்புறம் நான் யாரிடமும் குறை சொல்லவில்லை. அந்தப் பெண் தினமும் வாசலில் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். படிக்கட்டில் அழுததை நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. பதில் வணக்கம் சொல்லும்போது ரொம்ப நாள் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.