கண்டக்டர் மாறினாலும் பேண்டு நிற்க வேண்டும்

செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகள் காதில் விழுந்ததால்தான் முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் நமக்குக் கிடைத்தன. மணலியில் குடும்பத்தோடு இருந்த காலத்தில் கேட்ட அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். சுமார் 40 உருப்படிகள், எல்லாமே சங்கராபரண ஸ்வரங்களில். அதே காலத்தில் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி ஐரோப்பிய வாத்தியங்களோடு ஒரு அரண்மனை பேண்டையே வைத்திருந்தார். கிளாரினெட் 19-ஆம் நூற்றாண்டிலேயே சதிர்க் கச்சேரிக்குள் (இன்றைய பரதநாட்டியத்தின் முன்வடிவம்) நுழைந்துவிட்டது. 1893-ல் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் தொடங்கியது. போலீஸ் பேண்டு, பள்ளி பேண்டு, கல்யாண ஊர்வல பேண்டு செட், இரட்சணிய சேனையின் பித்தளை வாத்தியக் குழு என்று இந்த ஊரில் காற்று வாத்தியம் ஊதாத தலைமுறை கிடையாது.

இவ்வளவு இருந்தும், சம்பளம் இல்லாமல் ஞாயிறு மாலையில் கூடி வாசிக்கும் தன்னார்வ கான்செர்ட் பேண்டு (காற்று வாத்தியங்களும் தாளக் கருவிகளும் சேர்ந்த குழு) இங்கே நிலைத்து நிற்பது அபூர்வம். அமெரிக்காவில் ஆலன்டவுன் ஊர்க்காரர்களின் பேண்டு 1828 முதல் இன்றுவரை வாசித்துக்கொண்டிருக்கிறது. அத்தனை காலத்தில் எத்தனையோ கண்டக்டர்கள், அதாவது முன்னால் நின்று கைக்கோலால் குழுவை நடத்துபவர்கள், வந்து போயிருப்பார்கள். இங்கே பெரும்பாலும் நடப்பது வேறு. உற்சாகமான ஒருவர் ஆரம்பிக்கிறார். கண்டக்டர், பொருளாளர், நோட்டுப் பிரதி எடுப்பவர், ஹால் பிடிப்பவர் எல்லாம் அவரே. அவருக்கு வேலை மாற்றலோ உடல்நலக் குறைவோ வந்தால் மூன்று மாதத்தில் பேண்டு கலைந்துவிடுகிறது. இசையில் குறை எதுவும் இருக்காது. ஆனால் பேண்டின் பெரிய பித்தளை வாத்தியமான டியூபா யார் வீட்டில் இருக்கிறது என்பதே மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே முதல் நாளே இசைப் பொறுப்பையும் நிர்வாகப் பொறுப்பையும் பிரித்துவிடுங்கள். எந்த உருப்படி, எந்த வேகம், யார் முதல் கிளாரினெட் என்பதெல்லாம் கண்டக்டர் கையில். பணம், ஹால், வாத்தியம், உறுப்பினர் சேர்க்கை எல்லாம் குழுவின் கையில். கண்டக்டர் குழுவில் உட்காரலாம், பேசலாம். தலைவராகவோ பொருளாளராகவோ மட்டும் இருக்கக் கூடாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்கீழ் 7 பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதியலாம். குறைந்தது 3 பேர் கொண்ட நிர்வாகக் குழு வேண்டும், அதன் பதவிக்காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது. இந்த வரம்பைத் தொல்லையாகப் பார்ப்பவர்கள் உண்டு. உண்மையில் பேண்டுக்கு அதுதான் காப்பு.

தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாச் சங்கத்திலும் இருப்பவர்கள்தான். பேண்டைப் பேண்டாக வைத்திருப்பவர்கள் வேறு மூன்று பேர். ஒருவர் நோட்டு நூலகர். இரண்டாமவர் வாத்தியம், ஸ்டாண்டு, வண்டி, மேடை பார்ப்பவர். மூன்றாமவர் ஆள் கணக்கு பார்ப்பவர். அடுத்த ஞாயிறு யார் வருகிறார்கள் என்பதை வியாழன் இரவுக்குள் அவர் கேட்டு முடித்துவிட வேண்டும். 'முப்பது பேர் வருகிறார்கள்' என்ற தகவலால் கண்டக்டருக்கு ஒரு பயனும் இல்லை. 'இரண்டாவது டிராம்போன் இல்லை, ஹார்ன் ஒன்றுதான்' என்று பாகவாரியாகச் சொன்னால்தான் அன்றைக்கு எதை எடுப்பது என்று அவர் முடிவு செய்ய முடியும். இந்த மூன்று வேலைக்கும் ஆளுக்கொரு துணை ஆள் கட்டாயம்.

துணைக் கண்டக்டர் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். பெயருக்கு ஒருவரை வைத்தால் போதாது. ஒவ்வொரு கச்சேரியிலும் ஒரு உருப்படி முழுக்க அவருடையது. தேர்வு, ஒத்திகை, மேடை மூன்றும் அவரே. அந்த உருப்படியின் ஒத்திகையின்போது கண்டக்டர் வெளியே போய்விட வேண்டும், அல்லது ஒரு வாத்தியத்தோடு வரிசையில் உட்கார வேண்டும். பின்னாலிருந்து திருத்திக்கொண்டே இருந்தால் அடுத்த தலைமை உருவாகாது.

இனி ஆள் சேர்ப்பது. 40 பேர் கொண்ட பேண்டுக்கு நல்ல அளவு இது: புல்லாங்குழல் 4, ஓபோ 1, பசூன் 1, கிளாரினெட் 9 (மூன்று பாகத்துக்கும் மும்மூன்று), பேஸ் கிளாரினெட் 1, ஆல்டோ சாக்ஸ் 2, டெனர் 1, பாரிடோன் 1, டிரம்பெட் 5, ஹார்ன் 4, டிராம்போன் 3, யூஃபோனியம் 2, டியூபா 2, தாளக் கருவிகள் 4. சென்னையில் ஆல்டோ சாக்ஸும் டிரம்ஸும் கேட்காமலே வந்து குவியும். ஓபோ, பசூன், ஹார்ன் தேடினாலும் எளிதில் கிடைக்காது. நல்ல பதிப்புகளில் ஓபோ வரிகளைப் புல்லாங்குழல் பார்ட்டிலும் (அந்த வாத்தியத்துக்கான தனி நோட்டுத் தாள்), ஹார்ன் வரிகளை ஆல்டோ சாக்ஸ் பார்ட்டிலும் சின்ன நோட்டுகளாக அச்சிட்டிருப்பார்கள். வாங்கும் முன் அதைப் பாருங்கள். பதினைந்து இருபது பேரோடு தொடங்குபவர்களுக்கு நாலு அல்லது ஐந்து பாகம் மட்டும் இருக்கும் 'ஃப்ளெக்ஸ்' பதிப்புகள்தான் சரி. ஒவ்வொரு பாகத்தையும் அந்த ஸ்வர எல்லைக்குப் பொருந்தும் பல வாத்தியங்களில் எது வேண்டுமானாலும் எடுக்கலாம், சிலர் வராவிட்டாலும் இசையில் ஓட்டை விழாது. கிடார், கீபோர்டு வாசிப்பவர்கள் ஆர்வத்தோடு வருவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பாமல் யூஃபோனியம், ஹார்ன் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். நொட்டேஷன் படிக்கத் தெரிந்த கீபோர்டுக்காரர் ஓராண்டில் மூன்றாவது ஹார்னில் தைரியமாக உட்காரலாம்.

வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பழக்கத்தோடு வருவார்கள். பித்தளை பேண்டு மரபில் வளர்ந்த யூஃபோனியக்காரர் டிரெபிள் கிளெஃபில்தான் (மேல் ஸ்வரங்களுக்கான நோட்டு முறை) படிப்பார். கான்செர்ட் பேண்டு நோட்டுக் கட்டுகள் பலவற்றில் அந்தப் பார்ட்டும் சேர்ந்தே வரும், தேடி எடுத்துக் கொடுத்தால் போதும். கர்நாடக இசை கற்றவர்களுக்குக் காது கூர்மை, ஆனால் 'ஸ' எங்கே என்று தெரியாமல் தவிப்பார்கள். பேண்டின் பி-ஃப்ளாட் என்பது நம் சுருதிக் கணக்கில் 6½ கட்டை, ஈ-ஃப்ளாட் 2½ கட்டை, எஃப் 4 கட்டை என்று சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். அந்த 6½ கட்டை ஸ்வரத்தை பி-ஃப்ளாட் கிளாரினெட்காரர் 'சி' என்றும், ஆல்டோ சாக்ஸ் 'ஜி' என்றும், ஹார்ன் 'எஃப்' என்றும் படிப்பார்கள். இதை ஒரு அட்டையில் எழுதி ஒத்திகை அறையில் மாட்டிவையுங்கள்.

கல்யாண பேண்டு செட்டில் வாசிப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய மூச்சும் உதட்டு வலிமையும் சனி ஞாயிறு மட்டும் ஊதுபவர்களுக்கு லேசில் வராது. ஆனால் அவர்களுக்கு இது பிழைப்பு. அவர்களை இலவசமாக வாசிக்கக் கூப்பிடுவது நியாயமே இல்லை. ஒவ்வொரு வாத்தியப் பகுதிக்கும் பயிற்சியாளராக அழைத்து, பேசிய கூலியை அன்றன்றே கொடுங்கள். முகூர்த்த மாதங்களில் அவர்கள் கிடைக்க மாட்டார்கள். ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள். ஆனால் மார்கழியில் ஹால்களெல்லாம் சபாக் கச்சேரிகளுக்குப் போய்விடும். தேவாலய இசைக்காரர்களுக்கும் டிசம்பர் முழுக்க கேரல். அதனால் சென்னை பேண்டின் பெரிய கச்சேரிக்கு ஆடிதான் தோதான மாதம் என்பது என் முடிவு. வைகாசியில் உருப்படிகளை முடிவு செய்தால் நேரம் சரியாக இருக்கும்.

ஒத்திகை வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம். முதல் கால் மணி பி-ஃப்ளாட் ஸ்வர வரிசையை நீண்ட ஸ்வரங்களாக ஊதுவது. இதற்கு நம் ஊர்க் கருவியே உதவும். தம்பூரா ஆப்பை 6½ கட்டையில், ஸ-ப வைத்து, நல்ல ஒலிபெருக்கியில் ஓட விடுங்கள். டியூனரின் முள்ளைப் பார்த்துச் சரிசெய்பவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பதில்லை. தம்பூராவோடு ஊதும்போது காது தானாகத் திறக்கும். சுருதி சேர்ப்பதை டியூபாவில் தொடங்கி மேலே வாருங்கள். ஓபோ ஸ்வரம் கொடுப்பது சிம்பொனி வழக்கம். அடி ஸ்வரம் ஆடிக்கொண்டிருந்தால் மேலே என்ன செய்தாலும் நிற்காது.

சென்னை வெயிலும் சுருதியோடு விளையாடும். காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், காற்று வாத்தியத்தின் சுருதி ஏறும். 32 டிகிரி அறையில் பழகிவிட்டு 22 டிகிரி ஏசி ஹாலில் ஏறினால் அரை ஸ்வரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இறங்கிவிடும். மூச்சின் சூடு அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். கிளாக்கன்ஷ்பீல் போன்ற உலோகப் பட்டை வாத்தியம் இதற்கு நேர் எதிர், சூட்டில் சற்றே இறங்கும். அதனால் ஒத்திகையில் பொருந்தியது மேடையில் பொருந்தாமல் போகும். வாசிப்பவர்கள் 20 நிமிடம் முன்பே ஹாலுக்குள் வந்து, வாத்தியத்துக்குள் சூடான மூச்சை ஓடவிட்டு, பிறகு சுருதி சேர்க்க வேண்டும். வெளியே கார் நிறுத்தும் இடத்தில் சேர்த்த சுருதி செல்லாது. புதிய பித்தளை வாத்தியம் வாங்கும்போதும், மீரட் தயாரிப்போ இறக்குமதியோ, டியூனரை வைத்து ஒவ்வொரு ஸ்வரமாக ஊதிப் பாருங்கள். ஒரு ஸ்வரம் சரியாக இருப்பதால் மற்றவையும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஈரப்பதம் இன்னொரு எதிரி. கிளாரினெட், புல்லாங்குழல் துளைகளை மூடும் பேடுகள் ஊறிப்போய் காற்றுக் கசியும். கடற்கரைப் பக்கம் ஊசி ஸ்பிரிங்குகள் துருப்பிடித்து முறியும். ரீடுகளில் பூஞ்சை படரும். வாசித்து முடித்ததும் துணி விட்டுத் துடைக்காமல் பெட்டியை மூடக் கூடாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள். எபோனைட் (கெட்டி ரப்பர்) மவுத்பீஸைச் சுடுதண்ணீரில் கழுவினால் நிறம் போய் நெளியும், வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீர் போதும். பேண்டின் பொதுக் கிளாரினெட்டாக மரத்தை வாங்காதீர்கள். ஏசிக்கும் வெயிலுக்கும் மாறி மாறிப் போய் வெடிக்கும், ஏபிஎஸ் பிளாஸ்டிக் தாங்கும். டியூபா, பாரிடோன் சாக்ஸ், டிம்பனி (கிண்ண வடிவ முரசு), பெரிய டிரம் ஆகியவை பேண்டின் சொத்தாக இருக்க வேண்டியவை. இவற்றைத் தரைத்தளத்தில் வைக்கக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. டிம்பனியைக் குட்டி யானை வண்டியில் ஏற்றும்போது தோல் பக்கத்தில் எதையும் சாய்க்காதீர்கள், கிண்ணத்தில் ஒரு பள்ளம் விழுந்தால் ஸ்வரமே தெளியாது. அப்புறம் மின்விசிறிக் காற்றில் நோட்டு பறக்கும்: ஸ்டாண்டுக்கு இரண்டு துணி கிளிப் என்று கணக்குப் போட்டு ஒரு டப்பா நிறைய வைத்திருங்கள்.

உருப்படித் தேர்வில்தான் ஆர்வமுள்ள கண்டக்டர்கள் சறுக்குகிறார்கள். பதிப்பாளர்கள் 1 முதல் 6 வரை கடினத்தைத் தரம் பிரித்திருப்பார்கள். வாரம் ஒருமுறை கூடும் பேண்டுக்கு 2, 3 தான் இடம். 4-ல் ஒன்று வைக்கலாம். ஐந்துக்குப் போனால் முதல் வரிசை மட்டும் மகிழும், மூன்றாவது கிளாரினெட்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். குஸ்தவ் ஹோல்ஸ்ட் 1909-ல் ராணுவ பேண்டுக்காக எழுதிய ஈ-ஃப்ளாட் சூட் (பல பகுதிகள் கொண்ட இசைத் தொடர்) எந்த பேண்டும் ஒருநாள் எட்ட வேண்டிய படைப்பு. ஆள் குறைந்தாலும் வாசிக்க ஏதுவாக அவரே பல பாகங்களை விருப்பப் பாகங்களாகக் குறித்திருக்கிறார். அவர் 1934-ல் மறைந்தார். இந்தியச் சட்டத்தில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரைதான். அந்தக் கணக்கு தெரிந்தால் எதைத் தயங்காமல் வாசிக்கலாம் என்பது புரியும். சினிமாப் பாட்டை பேண்டுக்கு மாற்றி எழுதுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும், கட்டணம் வாங்கும் மேடையில் வாசிக்க உரிமமும் வேண்டும். தன்னார்வக் குழு கட்டணம் இல்லாமல் வாசிப்பதற்குச் சட்டம் விலக்கு தருகிறது, ஆனால் 'இலவசக் கச்சேரிதானே' என்பது மாற்றி எழுதும் அனுமதிக்குப் பதில் ஆகாது.

நோட்டுஸ்வரங்களைக் கட்டாயம் எடுங்கள். பேண்டிலிருந்து வந்த மெட்டுகள் என்பதால் நேராக உட்காரும். பி-ஃப்ளாட் மேஜரில் எழுதினால் புதியவர்களும் முதல் மாதத்திலேயே வாசிக்கலாம். ஹம்சத்வனி, மோகனம், கதனகுதூகலம் மாதிரி ஸ்வரங்கள் துலக்கமாக நிற்கும் ராகங்களும் பேண்டுக்கு ஒத்துவரும். தோடி, சஹானாவை விட்டுவிடுங்கள். ஒன்பது கிளாரினெட் ஒரே கமகத்தை (ஸ்வரத்தின் அசைவை) ஒன்பது விதமாக அசைத்தால் ராகம் கரைந்துபோகும்.

பேண்டின் வரலாறும் நூலகர் வேலையில் சேர்ந்ததுதான். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு உறை: நிகழ்ச்சி நிரல், யார் எந்தப் பாகம் வாசித்தார்கள் என்ற பட்டியல், அமர்வு வரைபடம், ஒலிப்பதிவு, வரவு செலவு ஒரு பக்கம். மூல நோட்டு அலமாரியில் இருக்க, வெளியே போவது எண்ணிட்ட பார்ட்டுகள் மட்டும். பென்சில் குறிப்பு மட்டுமே அனுமதி. கச்சேரி முடிந்த மேடையிலேயே எண்ணி வாங்கிவிட வேண்டும், அடுத்த வாரம் என்றால் இரண்டாவது டிராம்போன் பார்ட் திரும்பி வராது. கண்டக்டர் குறிப்பெழுதிய ஸ்கோரும் (எல்லாப் பாகமும் சேர்ந்த நோட்டு) பேண்டுக்கே சொந்தம் என்று விதியில் எழுதிவையுங்கள்.

நிர்வாகம் மாறும் ஆண்டில் பொதுக்குழு கூடும் அன்றே கைமாற வேண்டியவை: வரிசை எண்ணோடு வாத்தியப் பதிவேடு, கடன் வாங்கியவர்களின் கையெழுத்துத் தாள்கள், அலமாரிச் சாவி இரண்டு கட்டு, மின்னஞ்சல் கடவுச்சொல், ஹால் முன்பதிவு ரசீதுகள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடுவோரை மாற்ற வங்கி தீர்மான நகல் கேட்கும். அதனால் புதியவர்களின் பெயர்களைத் தீர்மானமாக எழுதி, கூட்டம் கலைவதற்கு முன்பே பழைய தலைவரிடமும் செயலாளரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.