இளஞ்சிவப்பு வரும்வரை குழாயை மூடாதீர்கள்

போன வருடம் குளிர் முடிந்து ஆர்வியை (சமையலறை, ஷவர் எல்லாம் உள்ள பயண வண்டி) வெளியே எடுத்து, தண்ணீர் இணைப்பைக் கொடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பக்கவாட்டுச் சுவருக்குள்ளிருந்து சொட்டுச் சத்தம். வெளிப்புற ஷவர் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே இருந்த வால்வு நீளவாக்கில் பிளந்து கிடந்தது. அதன் பின்னால் இருந்த பலகை ஊறிப்போய், விரலால் அழுத்தினாலே உள்ளே போனது.

அந்த வருடம் குளிர்காலத் தயாரிப்பை, அதாவது குழாய்களில் தண்ணீர் உறைந்து உடையாமல் காக்கும் வேலையை, ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்திருந்தேன். ஒவ்வொரு வேலைக்கும் டிக் போட்ட தாள் ஒன்றையும் கையில் கொடுத்திருந்தார்கள். வெளிப்புற ஷவர் அந்தத் தாளிலேயே இல்லை. போய்க் கேட்டதற்கு, “அது இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லையே” என்றார்கள். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்த முறை நானே செய்வது என்று இறங்கினேன்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவடையும். பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய் ஓரளவு நெகிழ்ந்து கொடுக்கும். ஆனால் இணைப்புகள், வால்வுகள், பம்பின் தலை, ஃபில்டர் கிண்ணம் இவையெல்லாம் கொடுக்காது. உடைவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் ஒரு தாளில் உங்கள் வண்டியில் தண்ணீர் போகும் எல்லா இடங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதியபோது பதினொன்று வந்தது. டாய்லெட்டின் கைத்தெளிப்பானை இரண்டாம் முறை சுற்றிப் பார்த்தபோதுதான் சேர்த்தேன்.

நல்ல தண்ணீர்த் தொட்டியையும் கழிவுத் தொட்டிகளையும் காலி செய்ததில் பிரச்சினை இல்லை. ஃபில்டரின் உள்கட்டையையும் கழற்றி எடுத்தாகிவிட்டது. தொல்லை வாட்டர் ஹீட்டரில் ஆரம்பித்தது.

முந்தின இரவே ஹீட்டரின் கேஸ், மின்சாரம் இரண்டையும் நிறுத்திவிட்டேன். இது முக்கியம். சூடும் அழுத்தமும் இருக்கும்போது வடிகால் மூடியைக் கழற்றினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆற விட்டு, சூடான தண்ணீர்க் குழாய் ஒன்றைத் திறந்து அழுத்தம் போன பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தேன், ஆனால் என்னிடம் இருந்த சாக்கெட் எதுவும் மூடியில் பொருந்தவில்லை. கடைக்குப் போய் உத்தேசமாக ஒன்றை வாங்கிவந்தேன், அது தளர்வு. மறுபடியும் போனேன். என் ஹீட்டருக்கு வேண்டியது 1 1/16 அங்குலம். உங்களுடையது வேறாக இருக்கலாம், அளந்துவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு அரை நாள் போனது.

மூடியோடு வெளியே வந்த ஆனோட் கம்பி பாதிக்கு மேல் அரித்துப்போயிருந்தது. எஃகுத் தொட்டியைத் துரு தின்னாமல் இருக்க, அதற்குப் பதிலாகக் கரைவதற்காகவே வைக்கிற கம்பி அது. அப்போதே புதியது போட்டுவிட்டேன். அலுமினியத் தொட்டி ஹீட்டரில் இந்தக் கம்பி இருக்காது, வெறும் பிளாஸ்டிக் மூடிதான். இல்லையே என்று பதற வேண்டாம்.

வண்டிக்கு அடியில் இருந்த இரண்டு வடிகால்களையும் திறந்தேன். பிறகு கம்ப்ரஸரை வைத்து, ஒவ்வொரு குழாயாகத் திறந்து காற்றடித்தேன். 30, 40 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) போதும். ஆர்வி டயருக்குக் கொடுக்கும் அதிக அழுத்தத்தை இங்கே கொடுத்தால், குளிர் செய்யவேண்டிய சேதத்தை நீங்களே செய்துவிடுவீர்கள். காற்று மட்டும் போதும் என்று சிலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பம்புக்குள்ளும் வால்வுகளின் வளைவுகளிலும் கொஞ்சம் தண்ணீர் தங்கத்தான் செய்யும்.

அடுத்தது ஆன்டிஃப்ரீஸ், அதாவது குளிரில் குழாயைக் காக்கும் திரவம். ஆர்விக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு நிறத் திரவம்தான் வேண்டும். அதில் பெரும்பாலும் இருப்பது புரொப்பிலீன் கிளைக்கால். கார் எஞ்சினுக்கு ஊற்றுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், அது விஷம். குடிக்கும் தண்ணீர் போகும் குழாயில் அதை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

ஹீட்டர் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, பம்பின் உறிஞ்சு குழாயைக் கேனுக்குள் விட்டு, பம்பை ஓட விட்டேன். சமையலறைக் குளிர்நீர்க் குழாயில் நல்ல இளஞ்சிவப்பு வந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. சூடான பக்கம் திருப்பினேன். காற்று மட்டும் சீறிக்கொண்டு வந்தது. ஒரு கேன் தீர்ந்தது. இரண்டாவது கேனும் தீர்ந்தது. இன்னும் காற்றுதான். மூன்றாவது கேன் பாதிக்கு வந்தபோதுதான் பம்பை நிறுத்திவிட்டு, ஹீட்டரின் பின்புறத்தை மறைக்கும் பலகையைக் கழற்றி உள்ளே பார்த்தேன்.

ஹீட்டருக்குப் பின்னால் மூன்று வால்வுகள்: உள்ளே போவது, வெளியே வருவது, நடுவில் இரண்டையும் இணைத்து, தொட்டிக்குள் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ். ஆன்டிஃப்ரீஸ் விடும்போது முதல் இரண்டும் மூடி, பைபாஸ் திறந்திருக்க வேண்டும். கைப்பிடி குழாயோடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. காலையில் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பைபாஸ் ஏற்கெனவே சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஆன்டிஃப்ரீஸ் முழுக்க 23 லிட்டர் ஹீட்டர் தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தொட்டியில் இருந்து வெளியேறிய காற்றுதான் குழாயில் சீறியது. வடித்து எடுத்தபோது அடியில் இருந்த தண்ணீரும் சுண்ணாம்புப் படிவும் கலந்து கலங்கலாக வந்தது. அதைத் திரும்பக் குழாய்களில் விட மனம் வரவில்லை. இந்த ஒரு படியைத்தான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பலகையைக் கழற்றி, மூன்று கைப்பிடிகளையும் தொட்டுப் பாருங்கள். சூடான குழாயில் காற்று நிற்காமல் வந்தால் உடனே பம்பை நிறுத்துங்கள்.

வால்வுகளைச் சரியாகத் திருப்பியதும் அரை நிமிடத்தில் சூடான பக்கத்திலும் நிறம் வந்துவிட்டது. அப்புறம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக, குளிர், சூடு என்று இரண்டு பக்கமும், வெளிர் நிறம் போய் நிறம் முழுதாக வரும்வரை விட்டேன். வெளிறி வந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். நீர்த்துப்போனால் அதன் காப்பு குறைந்துவிடும். கேனில் −46 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருந்தது. அது குழாய் வெடிக்காமல் காக்கும் அளவு. அதற்கு வெகு முன்பே திரவம் கூழாகிவிடும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

வெளிப்புற ஷவரில் மட்டும் இரண்டு மடங்கு நேரம் நின்றேன்.

பலர் விட்டுவிடும் இன்னொரு இடம், வெளியிலிருந்து தண்ணீர் இணைப்புக் கொடுக்கும் வாய். அதற்குள் ஒருவழி வால்வு இருப்பதால், பம்பிலிருந்து வரும் ஆன்டிஃப்ரீஸ் தானாக வெளியே வராது. பம்பை நிறுத்தி, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, வலையைக் கழற்றி, நடுவில் இருக்கும் முனையை ஒரு குச்சியால் மெதுவாக அழுத்தினேன். மிச்ச அழுத்தத்தில் இளஞ்சிவப்பு பீச்சி வந்தது. சிங்க், ஷவர் இவற்றின் கீழே வளைந்திருக்கும் குழாய்களிலும் தலா ஒரு கோப்பை ஊற்றினேன். கழிவுத் தொட்டி வால்வுகளின் ரப்பருக்காகத் தொட்டிகளிலும் கொஞ்சம் விட்டேன். கடைசியாக, ஹீட்டரின் மின் ஸ்விட்ச் மேல் பெரிய எழுத்தில் “தொட்டி காலி” என்று எழுதி ஒட்டினேன். தண்ணீர் இல்லாமல் அதைப் போட்டால் உள்ளே இருக்கும் சூடாக்கும் சுருள் சில நொடிகளில் எரிந்துபோகும்.

அந்தக் குளிர்காலம் கடுமையாகவே இருந்தது. இந்த வசந்தத்தில் குழாய்களை நன்றாக அலசி, பைபாஸைப் பழையபடி மாற்றி, ஹீட்டர் நிரம்பிய பிறகுதான் ஸ்விட்ச் மேல் ஒட்டிய அந்தத் தாளைக் கிழித்தேன். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு பம்பைப் போட்டேன். அழுத்தம் ஏறியதும் அது நின்றது. எங்காவது ஒரு சொட்டு ஒழுகினாலும் கொஞ்ச நேரத்தில் பம்ப் தானாகத் திரும்ப ஓடும். வெளிப்புற ஷவர் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பம்ப் ஓடவே இல்லை.