பதினோரு நாள் யோசித்துப் போட்ட கையெழுத்து

கல்லீரலில் கொழுப்பு என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷமா குடிக்கிற?" என்பதுதான். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கிறவன் நான். பியரைக்கூட வாயில் வைத்ததில்லை. பதினைந்து வருஷச் சர்க்கரையும், பிறை ஊர்த் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து நடுராத்திரியில் தின்ற ரொட்டி சானாயும் செய்த வேலை இது. 2023இல் இந்த நோயின் பெயரையே மாற்றிவிட்டார்கள். பழைய பெயர் நோயாளியைக் குத்துவது போல இருந்ததும் அதற்கு ஒரு காரணமாம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று பார்க்கும் பைப்ரோஸ்கேனில் 10.4 என்று வந்தது. எட்டைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். தழும்பு விழ ஆரம்பித்திருக்கலாம் என்ற டாக்டர், புது மாத்திரை ஒன்றை வைத்து ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா என்று கேட்டார். என் காதில் விழுந்தது "புது மாத்திரை" மட்டும்தான். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

பக்கத்து அறையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளர் இருபத்து நான்கு பக்கப் படிவத்தை நீட்டினார். "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே ரத்தம் எடுத்துவிடலாம், என்சிக்" என்றார். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்றேன். முகம் கொஞ்சம் மாறியது, ஆனாலும் கொடுத்தார். தமிழ்ப் படிவம் கேட்டேன். அது நான்கு நாள் கழித்து வந்தது. அதிலிருந்த தமிழைப் புரிந்துகொள்ள மலாய்ப் படிவத்தைத்தான் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மனைவியும் மகளும் பக்கம் பக்கமாகப் படித்தோம். மூன்று பேரில் இருவருக்கு மருந்து, ஒருவருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. 52 வாரம். ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று கல்லீரலில் ஊசி போட்டு இரண்டு தடவை சதை எடுப்பார்கள். "வெறும் மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் ரெண்டு ஊசியாங்க?" என்று மனைவி கேட்டாள். ஆமாம், அவர்களுக்கும்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதை நான் இவ்வளவு நாளும் வைத்தியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் இன்னொன்று தேடி எடுத்தாள். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. இந்த நோய்க்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. அதன் ஆய்வில் தழும்பு ஒரு படியாவது குறைந்தவர்கள், மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 24 முதல் 26 பேர். வெறும் மாத்திரைக்காரர்களில் 14 பேர். ஜெயித்த மருந்துக்கே கணக்கு இவ்வளவுதான். எங்களுக்குச் சொன்னதோ இன்னும் ஜெயிக்காத மருந்து.

அடுத்த தடவை போகும்போது கேள்விகளைச் சிகரெட் அட்டை அளவுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிறு. பட்டர்வொர்த் ஃபெர்ரியில் இறங்கி நடந்தால் நாசி கண்டார் சோற்றுக் கடை வாசனை ஆளைக் கொல்கிறது. ஆய்வு முடிந்ததும் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஏதாவது ஆனால் யார் செலவு? ஆய்வை நடத்தும் நிறுவனத்தின் காப்புறுதி இருக்கிறது என்று அந்தப் பக்கத்தைக் காட்டினார், இரண்டு தடவை படித்தேன். நடுவில் விலகினால்? எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது. நிதானமாகத்தான் பதில் சொன்னார். அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "மூலிகை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?"

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் ஈரத்துணியில் சுற்றிய கீழாநெல்லிக் கட்டு எப்போதும் இருக்கும். மாமியார் கொல்லையில் பறித்து, மோரில் அரைத்து, தினமும் காலையில் தருவார். எட்டு மாதமாகக் குடிக்கிறேன், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சேர்வதென்றால் அதை நிறுத்தியாக வேண்டும் என்றார். வீட்டில் மாத்திரையைவிட இதற்குத்தான் பெரிய பஞ்சாயத்து நடந்தது.

கடைசியில் கையெழுத்துப் போட்டேன். காரணம் கேட்டால் என் தொழிற்சாலை நண்பரைத்தான் சொல்வேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வந்து, அரசு மருத்துவமனையில் மாத்திரை சாப்பிட்டே குணமானவர். அந்த நோய்க்கு ராவிடாஸ்விர் என்ற மருந்தை மலேசியாவிலும் தாய்லாந்திலும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் 2021இல் இங்கே பதிவு செய்தார்கள். யாரோ முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார்கள் இல்லையா? எனக்கு மருந்து கிடைக்காமலும் போகலாம் என்று தெரிந்தே போட்டேன்.

ஊசி போட்ட அன்று வலப்பக்கமாகச் சில மணி நேரம் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். வயிற்றில் குத்திய ஊசிக்குத் தோள்பட்டை வலித்தது.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். சதையில் பார்த்தால் தழும்பு முதல் படிதான். ஆய்வுக்கு இரண்டோ மூன்றோ வேண்டும், அதனால் சேர முடியாது. அழற்சி இருந்தால் ஸ்கேன் எண் கூடுதலாகக் காட்டும் என்று விளக்கினார் டாக்டர். நல்ல செய்திதான். ஆனால் பதினோரு நாள் மல்லுக்கட்டிவிட்டு வாசலோடு திரும்பியது என்னவோ போல இருந்தது. போக்குவரத்துக்கு 80 வெள்ளி கொடுத்து ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, மாமியார் கேட்டுவிட்டார்: "அப்போ நாளைக்குக் கீழாநெல்லி அரைக்கட்டுமா?"