கம்பத்துக் கோழியை (நாட்டுக்கோழியை) அடை வைத்தது: ஏழு முட்டை, 21 நாள், அதன் பிறகு

சிங்கப்பூரில் குஞ்சு பொரிப்பதற்குக் குளிர் தடையே இல்லை. கெடுப்பவை புழுக்கமும் ஈரமும்தான். இந்தக் குறிப்பில் பாதி அவற்றைச் சமாளித்த கதை.

முதலில் எண்ணிக்கை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கோழி வளர்க்க அனுமதியில்லை. தரைவீட்டில், விற்பனைக்கு அல்லாமல், 10 வரை வைத்துக்கொள்ளலாம். வெளிப் பறவைகள் நுழையாதபடி கூண்டு அடைப்பாக இருக்க வேண்டும். ஏற்கெனவே மூன்று பெட்டைகள் இருப்பதால் ஏழு முட்டைதான் இடம். ஒற்றைப்படையில் வைக்கும் ஊர் வழக்கத்துக்கும் அது சரியாக வந்தது. கூட்டில் சேவல் இல்லை. சேவல் சேர்ந்த முட்டையை வெளியிலிருந்து வாங்க வேண்டும். பேரங்காடி முட்டையில் கரு இருக்காது.

முட்டைச் சேமிப்பில்தான் இங்கே பலர் தோற்கிறார்கள். வெளியே 30 பாகைச் சூட்டில் வைத்தால் கரு மெல்ல வளரத் தொடங்கி, போதிய சூடு கிடைக்காமல் பாதியில் செத்துவிடும். குளிர்பதனப் பெட்டியும் ஆகாது. குளிரூட்டிய அறையில், கூர்முனை கீழே இருக்கும்படி, நான்கு நாளுக்கு மேல் போகாமல் வைக்கப்பட்டது. அங்கிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் ஓட்டில் நீர் பூக்கும். அந்த ஈரத்தோடு கிருமி ஓட்டின் நுண்துளை வழியே உள்ளே போகும். மூடிய அட்டைப் பெட்டியிலேயே சில மணி நேரம் விட்டுச் சூடு சமமானபின் எடுக்க வேண்டும். கழுவவே கூடாது.

அடை பிடித்ததா?
பகலில் கூட்டில் உட்கார்ந்திருப்பது மட்டும் அடையாளமில்லை. இரவிலும் கம்பில் ஏறாமல் அங்கேயே தங்க வேண்டும்; கை நீட்டினால் இறகு சிலிர்த்துச் சீற வேண்டும்; நெஞ்சிறகு உதிர்ந்து தோல் தெரிய வேண்டும். இரண்டு கோல்ஃப் பந்தை வைத்து மூன்று இரவு பார்த்த பிறகுதான் முட்டை வைக்கப்பட்டது. இறக்கையடியிலும் ஆசனவாய்ச் சுற்றிலும் செல் (கோழிப்பேன்) இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். செல் கடித்தால் எவ்வளவு நல்ல தாய்க்கோழியும் எழுந்து போய்விடும்.

கூடு 35 செ.மீ. சதுரப் பெட்டி. அடியில் 5 செ.மீ. உலர்ந்த மணல், நடுவில் கிண்ணம்போல் குழி, மேலே முயலுக்கு விற்கும் காய்ந்த புல். மற்ற கோழிகள் வந்து முட்டையிடாதபடி தனி அடைப்பு. முட்டைகளில் பென்சில் குறி.

1 – 6ஆம் நாள்
முழுச் சோளமும் தண்ணீரும் மட்டும். தினமும் ஒரு முறை, 15 முதல் 20 நிமிடம் எழுந்து தின்று, நாற்றமுள்ள பெரிய எச்சம் போட்டுத் திரும்பும். எழாத நாளில் தூக்கி வெளியே விட வேண்டும்; இறக்கைக்குள் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே தூக்க வேண்டும்.

வறண்ட ஊர்களில் முட்டைமேல் தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். இங்கே காற்றிலேயே போதுமான ஈரம் இருப்பதால் தெளிக்கவில்லை. ஈரம் மிகுந்தால் முட்டையிலிருந்து நீர் வெளியேறாமல் காற்றறை சிறுத்து, குஞ்சு மூச்சுக்குத் திணறும். இடிக்குப் பயந்து முட்டைக்கு நடுவே இரும்புத் துண்டும் கரியும் வைக்கும் வழக்கம் உண்டு. வைப்பதில் தீங்கில்லை, ஆனால் இடியோடு வரும் சாரலைத் தடுப்பதுதான் முக்கியம். விடியற்காலையில் அடிக்கும் சுமத்ரா காற்று பக்கவாட்டில் மழையை வீசும். மேற்குப் பக்கம் முழுக்கத் தார்ப்பாய்.

7ஆம் நாள்
இருட்டில் கைப்பேசி விளக்கை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பார்த்தது. ஐந்தில் சிலந்திக்கால்போல் ரத்த நாளம். ஒன்று தெளிவாக, கருவே இல்லை. ஒன்றில் ரத்த வளையம். கரு தொடக்கத்திலேயே செத்திருக்கிறது. இரண்டையும் எடுத்தாயிற்று. விட்டுவைத்தால் கூமுட்டை வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும்.

18 – 22ஆம் நாள்
18க்குப் பிறகு கை வைக்கவில்லை. 20ஆம் இரவு உள்ளிருந்து கீச்சொலி, 21ஆம் நாள் காலை ஓட்டில் முதல் விரிசல். விரிசலிலிருந்து வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால், உள்ளிழுக்காத மஞ்சள் கருவும் ரத்த நாளமும் கிழிந்து குஞ்சு செத்துப்போகும். தயவுசெய்து பொறுங்கள். ஐந்தும் பொரித்தன. உள்ளிழுத்த மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும், தீனிக்கு அவசரமில்லை.

முதல் மாதம்
குஞ்சுத் தீனியையே தாய்க்கும் கொடுக்க வேண்டும். முட்டைக்கோழித் தீனியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீர்த் தட்டு ஆழம் 2 செ.மீ., உள்ளே கூழாங்கல். செய்தித்தாள் விரித்தால் வழுக்கிக் கால் விரிந்துவிடும். மரச்சீவல் போட வேண்டும்.

பெரிய எதிரி ரத்தக்கழிச்சல். எச்சத்திலுள்ள கிருமி வெதுவெதுப்பான ஈரத்தில்தான் பக்குவமடையும். நம் வானிலை அதற்கு வசதி. நனைந்த சீவலை அன்றே அள்ளி எறிய வேண்டும். இறகு சிலிர்த்து ஒடுங்கி நின்றாலோ எச்சத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆம்புரோலியம் என்ற மருந்து பற்றிக் கேளுங்கள்.

கோழி அம்மையைக் கொசு பரப்புகிறது. கூண்டுக்குக் கொசுவலை, தட்டுத் தண்ணீரைத் தினமும் மாற்றுவது: டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் சேர்த்தே இந்தக் காவல். காகம், உடும்பு, எலி, மலைப்பாம்பு ஆகியவற்றுக்கு அரை அங்குலக் கம்பி வலை, தரைக்குள் 30 செ.மீ. புதைத்து.

6ஆம் வாரம்
தாய் குஞ்சுகளைக் கொத்தி விலக்குகிறது, மீண்டும் கம்பில் ஏறுகிறது. குஞ்சுகளுக்கு இறகு முழுதாக முளைத்துவிட்டது. இரண்டுக்குக் கொண்டை மற்றவற்றைவிடச் சிவந்து பெரிதாகத் தெரிகிறது, சேவலாகத்தான் இருக்கும். கூவத் தொடங்கினால் அண்டை வீட்டார் தூக்கம் கெடும். அதற்குள் அவற்றுக்கு நல்ல இடம் பார்க்க வேண்டும்.