காட்டு என்கவுண்டர்: மிருகத்துக்கு முன்னால் வர வேண்டியவை

டைஸ் உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் ரோல்-பிளேயிங் கேம் ஒன்று. பிளேயர்களின் குழு காட்டுக்குள் நடக்கிறது. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் டைஸை உருட்டி, எந்த எண்ணுக்கு எந்த என்கவுண்டர் (வழியில் நேரும் சந்திப்பு) என்று சொல்லும் டேபிளைப் பார்க்கிறார். "நாலு ஓநாய் பாயுது. இனிஷியேட்டிவ் போடுங்க." யார் முதலில் அடிப்பது என்று உருட்டுகிறார்கள். அடுத்த முக்கால் மணி நேரம் சண்டை. முடிந்ததும் எல்லோரும் படுத்துத் தூங்குகிறார்கள். விடிந்தால் எல்லாம் பழையபடி. அந்த ஓநாய்கள் வராமலே இருந்திருந்தாலும் கதையில் ஒரு துரும்பும் அசைந்திருக்காது.

ஓநாய்க்குப் பதில் ட்ரோலை வைத்தாலும் இதே கதிதான். மிருகம் கண்ணில் படுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் பிளேயர்கள் யோசித்து முடிவெடுக்க அங்கே எதுவுமே இல்லை. தடம் என்ன, எவ்வளவு தூரத்தில் தெரிகிறது, அப்போது அது என்ன செய்துகொண்டிருக்கிறது: இந்த மூன்றையும் எழுதிவிட்டு, அதன் பிறகு ஹிட் பாயிண்டுக்கு (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்ணுக்கு) போக வேண்டும்.

முதலில் தூக்கக் கணக்கு

ஒரு ராத்திரி தூங்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடுவதைச் சரிசெய்யாமல் மற்றதைச் செய்து பலனில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 டன்ஜன் மாஸ்டர் வழிகாட்டி, ஒரு குழு ஒரு நாளில் நடுத்தரமான அல்லது கடினமான என்கவுண்டர்கள் 6 முதல் 8 வரை தாங்கும் என்று கணக்கு வைக்கிறது. நிலவறைக்குள் அது ஒத்துவரும். பயணத்தில் நாளுக்கு ஒன்று வந்தாலே பெரிது. ஐந்தாம் லெவல் விஸார்டிடம் (மந்திரவாதியிடம்) மூன்றாம் லெவல் ஸ்பெல் ஸ்லாட் இரண்டு உண்டு, அதாவது அந்த லெவல் மந்திரத்தை இரண்டு முறை போடலாம். அதில் ஒன்றான ஃபயர்பாலின் அடி 8டி6 (ஆறு பக்க டைஸ் எட்டு), சராசரி 28. ஓநாய்க்கு 11 ஹிட் பாயிண்ட். சேவிங் த்ரோவில் (தப்பிக்க உருட்டும் டைஸில்) தப்பினாலும் பாதி 14, செத்தது செத்ததுதான். இன்றைக்கு ஒரே சண்டை என்று தெரிந்தவர் அதை முதல் டர்னிலேயே போடுவார். அவர் மேல் தப்பே இல்லை.

அதே வழிகாட்டியில் ஒரு மாற்று விதி இருக்கிறது: ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் (ஸ்லாட்டுகளைத் திருப்பித் தரும் முழு ஓய்வு) 7 நாள். ஆனால் அதே கேம்பெய்னில் (பல நாள் தொடரும் ஆட்டத்தில்) நிலவறையும் இருந்தால், உள்ளே போன குழு ஒரு ஷார்ட் ரெஸ்டுக்கே ஒரு ராத்திரி அங்கே அடைந்து கிடக்க வேண்டியிருக்கும். அதைவிட வசதியானது, இடத்தை வைத்து விதி போடுவது. வெட்டவெளியில் ராத்திரித் தூக்கம் ஷார்ட் ரெஸ்ட் மட்டும். லாங் ரெஸ்ட் வேண்டுமென்றால் கூரையும் காவலும் உள்ள இடம் வேண்டும். அப்படிப்பட்ட இடங்களை வரைபடத்தில் மூன்று நான்கு குறித்து வையுங்கள். இதனால் அடி வாங்கப்போவது மேஜ் ஆர்மர் மாதிரி 8 மணி நேரம் நிற்கும் ஸ்பெல்கள். தினமும் ஒரு ஸ்லாட்டைத் தின்னும், ஸ்லாட் திரும்பி வராது. அவற்றை மட்டும் அடுத்த லாங் ரெஸ்ட் வரை நீட்டிவிடுங்கள். எல்லாவற்றையும் கேம்பெய்ன் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். நடுவில் கொண்டுவந்தால் பிளேயர்களுக்கு அது தண்டனையாகத்தான் தோன்றும்.

தூரம்

1981-ல் வந்த, இதே விளையாட்டின் எக்ஸ்பெர்ட் விதிப் புத்தகம் வெட்டவெளிச் சந்திப்பின் தூரத்துக்கு 4டி6-ஐ உருட்டிப் பத்தால் பெருக்கி, அத்தனை கஜம் என்கிறது. சராசரி 140 கஜம், அதாவது 420 அடி. இன்று பல குழுக்களில் மேப்பை விரித்ததும் மினியேச்சர்களை 40 அடியில் வைத்துவிடுகிறார்கள். 40 அடியில் ஓநாய் நின்றால் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 420 அடியில் நின்றால் ஒளியலாம், சுற்றிப் போகலாம், மரத்தில் ஏறலாம், இறைச்சியை வீசலாம், அது நம்மைப் பார்த்துவிட்டதா என்று காத்திருக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. லாங்போவின் (நீள வில்லின்) சாதாரண எல்லை 150 அடி, அதிகபட்சம் 600 அடி. ஓநாயின் வேகம் டர்னுக்கு 40 அடி, டாஷ் செய்தால் (அடிக்காமல் ஓட மட்டும் செய்தால்) 80. 420 அடியைக் கடக்க அதற்கு ஐந்தாறு டர்ன் ஆகும். இரண்டு வில்லாளிகள் இருந்தால் அது பக்கத்தில் வருவதற்குள் கதை முடிந்துவிடும். ஆகவே வெட்டவெளி என்றால் பார்வையை மறைக்க ஏதாவது ஒன்றை வையுங்கள்: இடுப்பளவு புல், வறண்ட ஓடை, மாலை வெளிச்சம், காற்றில் பறக்கும் மணல். அடர்ந்த காட்டில் இந்தக் கவலை இல்லை. 2டி6-ஐப் பத்தால் பெருக்கி அடியில் வைத்தாலே போதும்.

அது என்ன செய்துகொண்டிருக்கிறது

அதே பழைய புத்தகங்களில் இருந்த ரியாக்‌ஷன் ரோல், என் கணிப்பில், விட்டிருக்கவே கூடாத விதி. 2டி6 உருட்டுங்கள். 2 விழுந்தால் உடனே தாக்கும், 3–5 பகை, 6–8 தயக்கம், 9–11 தாக்காது, 12 நட்பு. 36-ல் 26 முறை 6 அல்லது அதற்கு மேல் விழும். அதாவது நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவான சந்திப்புகள் சண்டையில் தொடங்குவதில்லை.

எண் மட்டும் விழுந்தால் போதாது, அதற்குக் காரணம் வேண்டும். ஓகருக்கு (மனித வடிவ ராட்சதனுக்கு) 7 விழுந்தால் "தயங்குகிறது" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். "ஒரு மானின் பின்னங்காலைப் பிடிச்சு இழுத்துட்டு வருது. உங்களைப் பார்த்ததும் நின்னுடுச்சு. மானை விடலை. என்ன பண்றீங்க?" அதன் இரண்டு கையும் மானில்தான் இருக்கின்றன என்பதை பிளேயர்கள் அந்த நொடியிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

தடம்

டேபிளின் ஒவ்வொரு வரியையும் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: தடம், தொலைவில், நேரில். எந்த வரி என்று விழுந்த பிறகு டி6. 1–3 தடம், 4–5 தொலைவில், 6 நேரில். தடம் எழுதும்போது அது இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்: மிருகத்தின் ஒரு பழக்கம், எவ்வளவு நேரத்துக்கு முன்பு. "ஏதோ பெரிய மிருகத்தின் காலடி" என்பதில் இரண்டுமே இல்லை.

மலைக் கணவாய் ஒன்றில் கிரிஃபின் (கழுகுத் தலையும் சிங்க உடலும் உள்ள மிருகம்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். குழுவிடம் மூன்று குதிரைகள். தடம் இப்படி: பாறை மேல் ஒரு குதிரையின் முன்னங்கால் மட்டும் கிடக்கிறது, லாடத்தோடு. ரத்தம் இன்னும் காயவில்லை. சுற்றிலும் ஈர மண். எந்தக் காலடியும் இல்லை. இவ்வளவு சொன்னால் போதும். பறக்கும் மிருகம், குதிரை தின்னும், இப்போதுதான் போயிருக்கிறது. யாரும் நேச்சர் செக் (இயற்கை அறிவைச் சோதிக்கும் டைஸ்) உருட்டத் தேவையில்லை. செக் வைத்து அதில் தோற்றால் தடம் வீணாகிவிடும். தடத்தை இலவசமாகக் கொடுங்கள். செக்கை கூடு எந்தப் பக்கம், எத்தனை கிரிஃபின் என்ற கூடுதல் விவரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த அரை மணி நேரம் பிளேயர்கள் பேசிக்கொள்வார்கள். ராத்திரி கடப்பதா? கிரிஃபினுக்கு இருட்டில் பார்வை 60 அடிதான். மரங்களுக்கு அடியிலேயே போய் இரண்டு ஹெக்ஸ் (வரைபடத்தின் அறுகோணக் கட்டம்) சுற்றுவதா? ஒரு குதிரையை இரையாக விடுவதா? இந்தப் பேச்சுதான் அன்றைய என்கவுண்டரின் முக்கால் பங்கு.

கடைசியில் கிரிஃபின் வந்தால் அது மனிதர்களைத் தேடி வருவதில்லை. பறக்கும் வேகம் 80, டாஷ் செய்தால் 160. 2014 விதியில் அலகும் நகமும் பட்டால் ஒரு டர்னுக்குச் சராசரி 19. சவாரிக் குதிரைக்கு 13 ஹிட் பாயிண்ட். அதாவது அது வந்து சேர்ந்த டர்னிலேயே ஒரு குதிரை விழுந்துவிடும். குழு பின்வாங்கினால் அது அங்கேயே தின்னத் தொடங்கும். அதன் 59 ஹிட் பாயிண்டில் பாதி போனால் பறந்து ஓடும். இந்த இரண்டு வரியையும் குறிப்பில் எழுதி வையுங்கள், இல்லையென்றால் சண்டைச் சூட்டில் மறந்துபோய் அதைச் சாகும்வரை சண்டை போடவைத்துவிடுவீர்கள். உயிர் போகும்வரை சண்டையிடும் வேட்டை விலங்கை யாராலும் நம்ப முடியாது.

எத்தனை முறை உருட்டுவது

6 மைல் ஹெக்ஸ் வசதியானது. சாதாரண நடை நாளுக்கு 24 மைல், எனவே நான்கு ஹெக்ஸ். காடு மலை என்றால் இரண்டு. சமதரையில் நிற்கும் ஆளுக்குத் தொடுவானம் ஏறக்குறைய 3 மைல் என்பதால், ஹெக்ஸின் நடுவில் நின்றால் அதன் விளிம்பு வரை தெரியும். காலை, மாலை, இரவு என்று மூன்று முறை 6-ல் 1 வாய்ப்பில் உருட்டினால், ஒரு நாளில் ஏதாவது நடக்கும் வாய்ப்பு 42 சதவீதம். 6-ல் 2 என்றால் 70. நான்கு நாள் பயணத்தில் 6-ல் 2 வைத்தால் சராசரியாக நான்கு நிகழ்வு. அவற்றில் இரண்டு தடமாகவே நின்றுவிடும். மூன்று மணி நேர செஷனுக்கு இது அளவாக இருக்கும்.

இதையெல்லாம் செஷனுக்கு முந்தைய நாளே உருட்டி ஒரு தாளில் எழுதிவிடுங்கள். மூன்றாம் நாள் கிரிஃபின் நேரில் வரும் என்று தெரிந்தால், அதன் தடத்தை இரண்டாம் நாளில் வைக்கலாம். ஆட்டத்தின் நடுவில் உருட்டினால் இது நடக்காது.

உணவு, தண்ணீர் கணக்கை நம்பி என்கவுண்டர் அமைக்கும் முன் கதாபாத்திரத் தாள்களை ஒருமுறை பாருங்கள். நாளுக்கு ஒரு பவுண்டு உணவு, ஒரு கேலன் தண்ணீர், வெயிலில் இரண்டு கேலன் என்று 2014 விதிகளில் இருக்கிறது. ஆனால் ட்ரூயிட் (இயற்கை மந்திரம் செய்பவர்) ஒருவர் குட்பெரி என்ற ஸ்பெல்லைப் போட்டால் பத்துப் பழம், ஒவ்வொன்றும் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு. அவர் இருக்கும் குழுவைப் பட்டினி போட முடியாது.

டேபிளின் வடிவம்

ஐம்பது வரி தேவையில்லை. 2டி6-க்குப் பதினொரு வரி போதும். 7 என்பது ஆறில் ஒரு முறை விழும். அந்தப் பகுதியை நினைத்தால் எது ஞாபகத்துக்கு வர வேண்டுமோ அதை அங்கே வையுங்கள். 2-உம் 12-உம் 36-ல் ஒரு முறை. டிராகனுக்கு அதுதான் இடம். இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் டி8-ஐயும் டி12-ஐயும் சேர்த்து உருட்டலாம். 9 முதல் 13 வரை ஐந்து வரிகள் சமமாக விழும், இரண்டு ஓரத்திலும் 96-ல் 1.

குழு எதையாவது கொன்றால் அந்த வரியை அடித்துவிட்டு, அதனால் என்ன மாறியது என்று எழுதுங்கள். கிரிஃபின் 7-ல் இருந்தது, செத்துவிட்டது. அடுத்த முறை அதே கணவாயில் 7 விழுந்தால்: தலைக்கு மேலே பாறை இடுக்கிலிருந்து விடாமல் ஒரு கீச்சுச் சத்தம். நாலைந்து குஞ்சுகள். இரண்டு நாளாக யாரும் இரை கொண்டுவரவில்லை.