என் ரிப்போர்ட்டில் இருந்த 31

அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தது 61 வயதில். அதனால், மரபணுவைப் பார்த்து யாருக்கு எப்படி மலப் பரிசோதனை செய்யலாம் என்று ஓர் ஆய்வு நடக்கிறது என்றதும் உடனே பெயர் கொடுத்துவிட்டேன்.

முதலில் எச்சில். அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, சின்னக் குழாயில் கோடு வரை துப்ப வேண்டும். நுரை கணக்கில் சேராது. வாய் வறண்டு, எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

சில வாரம் கழித்து நர்ஸ் அழைத்தார். பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தை வெகுவாகக் கூட்டும் பரம்பரைக் கோளாறான லிஞ்ச் சின்ட்ரோம் இல்லை என்றதும் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் மரபணுவை வைத்து ஆபத்தைக் கணக்கிடும் ஸ்கோர் அதிகம் என்றார். பெருங்குடல் புற்றுநோயோடு தொடர்புடைய இடங்கள் மரபணுத் தொகுப்பில் 200க்கும் மேல் தெரிந்திருக்கின்றனவாம். ஒவ்வொன்றும் தனியாக ஆபத்தைத் துளியூண்டுதான் கூட்டும், ஆனால் எனக்கு அந்தத் துளிகள் நிறையச் சேர்ந்திருந்தன. இந்தக் கணக்குக்கான தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது, மற்றவர்களுக்கு அவ்வளவு துல்லியமாக இருக்காது என்பதையும் அவரே மறைக்காமல் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் ஃபிட் கிட், அதாவது மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. மனித ரத்தத்தின் ஹீமோகுளோபினை மட்டும் அளப்பதால் சாப்பாட்டில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. மலம் தண்ணீரில் விழாமல் காகிதத்தில் பிடித்து, குச்சியின் நுனியில் இருக்கும் வரிப்பள்ளங்கள் நிறையும் அளவுக்கு மட்டும் தொட்டு, குழாயை மூடித் தேதி எழுத வேண்டும். இரண்டு நிமிட வேலை.

முடிவு: ஒரு கிராம் மலத்தில் 31 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின். 120ஐ எட்டினால்தான் கொலோனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) என்று எல்லை வைத்திருக்கும் திட்டத்தில் இருந்திருந்தால் எனக்கு 'நார்மல்' என்று கடிதம் வந்திருக்கும், அடுத்த பரிசோதனை இரண்டு வருடம் கழித்துத்தான். எல்லை 20 என்றும் பல இடங்களில் உண்டு. என் ஸ்கோருக்கு அதைத்தான் வைத்திருந்தார்கள். எத்தனை பேருக்குக் கொலோனோஸ்கோப்பி செய்ய வசதி இருக்கிறது என்பதும் இந்த எல்லையைத் தீர்மானிக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மனசு கொதித்தது. 'நார்மல்' என்று மட்டும் சொல்லாமல், கடிதத்தில் அந்த அளவையும் போட்டால் என்ன?

கொலோனோஸ்கோப்பிக்கு முந்தின நாள் மருந்தைக் குடித்துக் குடலைக் காலி செய்வதுதான் கஷ்டம். மற்றதெல்லாம் அரைத் தூக்கத்தில் போய்விட்டது. குடல் சுவரில் 12 மில்லிமீட்டரில் ஒரு பாலிப், அதாவது சின்னச் சதை வளர்ச்சி; பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா வகை. அப்போதே வெட்டி எடுத்துவிட்டார்கள். புற்றுநோயாக இன்னும் மாறவில்லை. மூன்று வருடத்தில் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கூடப் பிறந்தவன் என்பதற்காகத் தம்பிக்கும் இதே ஸ்கோர் வர வேண்டும் என்றில்லை. அவனும் துப்பிக் கொடுத்துவிட்டான். முடிவுக்காகக் காத்திருக்கிறோம்.