சீட்டை உறுதி செய்யும் முன்பே கல்விக் கடனுக்குக் கணக்குப் போடுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "அட்வான்ஸ் கட்டி சீட்டைப் பிடிச்சு வையுங்க, லோன் நாங்களே வாங்கித் தாறோம்" என்பார் ஏஜென்ட். கட்டாதீர்கள். பிள்ளையின் படிப்புச் செலவில் எவ்வளவு இலவசமாகக் கிடைக்கும், எவ்வளவு கடனாகும் என்பதைச் சீட்டு எந்த வழியில் வந்தது என்பதுதான் பெருமளவு தீர்மானிக்கிறது.

பொறியியலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு அரசின் பொறியியல் கவுன்சிலிங் வழியாகச் சுயநிதிக் கல்லூரியில் சேரும் முதல் பட்டதாரி மாணவருக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை டியூஷன் கட்டணம் குறையும். இதற்கு வருமான வரம்பு கிடையாது. அதே கல்லூரி, அதே வகுப்பு, மேனேஜ்மென்ட் சீட் என்றால் ஒரு பைசா குறையாது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் டியூஷனும் ஹாஸ்டல் கட்டணமும் அரசின் பொறுப்பு. அப்படிப்பட்ட பிள்ளையை அவசரப்பட்டு மேனேஜ்மென்ட் சீட்டில் தள்ளுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பிஎம் வித்யாலக்ஷ்மியும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. களியக்காவிளை தாண்டி கேரளாவிலோ, பெங்களூரில் நர்சிங்கிலோ சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தமிழ்நாட்டு அரசின் சலுகைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கே. கேரளாவில் ஃபீஸ் குறைவு என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், இங்கே கிடைக்கும் சலுகையைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

சான்றிதழ்களை ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவையில் விண்ணப்பித்து வாங்கி வைத்துவிட வேண்டும்: வருமானம், சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி. மே, ஜூனில் விளவங்கோடு, கல்குளம் தாலுகா ஆபீஸ்களில் விண்ணப்பம் குவியும். முதல் பட்டதாரிச் சான்றுக்குத் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை. அக்கா ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது.

உதவித்தொகை வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பேங்க் கணக்குதான். ஆதார் ஜெராக்ஸைக் கிளையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அரசுப் பணம் வர, அந்தக் கணக்கு என்.பி.சி.ஐ.யில் (பேங்குகளுக்கு இடையே பணம் அனுப்பும் தேசிய அமைப்பு) ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு பேங்க்தான் அப்படி இணைந்திருக்கும். வேறு பேங்கில் புதுக் கணக்குத் தொடங்கி அங்கே இணைத்தால் பணம் அங்கே திரும்பிவிடும். இன்னொன்று பெயர். மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஏ.ஐ.சி.டி.இ.யின் (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு) பிரகதி உதவித்தொகை, தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 தருகிறது; குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் அதிகம் தவறவிடப்படுவது ஒன்று உண்டு. ஆதிதிராவிடர் சமூகத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்களின் சான்றில் பி.சி. என்று இருப்பதால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கானது) தங்களுக்கு இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். மாநில அரசின் நிதியில் அவர்களுக்கும் உண்டு. கல்லூரி ஆபீஸில் அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். மீனவர் நல வாரியம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் போன்றவற்றில் பெற்றோர் உறுப்பினராக இருந்தால் பிள்ளையின் படிப்புக்கு உதவி கேட்கலாம். அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

இதையெல்லாம் கழித்த பிறகு மீதிக்குத்தான் கடன். 4 லட்சம் வரை மார்ஜின் (நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) கிடையாது, அடமானம் கிடையாது. 7.5 லட்சம் வரை அரசின் உத்தரவாத நிதி இருப்பதால் நிலப் பத்திரம் கேட்கக் கூடாது. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் சொத்து கேட்பார்கள்.

வட்டியைக் கையால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நான்கு வருடப் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். தவணை தொடங்குவது படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து. முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000. மொத்தம் 1,40,000. கட்ட ஆரம்பிக்கும்போது கடன் 5,40,000 ஆகியிருக்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 7,140 ரூபாய். படிக்கும்போதும் அடுத்த ஒரு வருடமும் வட்டியை மட்டும் கட்டி வந்தால், முதல் வருடம் மாதம் 833 ரூபாய்தான், நான்காம் வருடத்திலிருந்து 3,333. தவணை தொடங்கும்போது கடன் 4 லட்சத்திலேயே நிற்கும், மாதம் 5,290 போதும். இப்படிக் கட்டுபவர்களுக்குப் பல பேங்குகள் ஒரு சதவீதம் வட்டியும் குறைக்கின்றன.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பாகவும் இருந்தால், அந்த 1,40,000 முழுவதையும் மத்திய அரசே கட்டும் திட்டம் உண்டு. கல்லூரிக்கு உரிய அங்கீகாரம் இருக்க வேண்டும். அடமானமும் மூன்றாம் நபர் ஜாமீனும் இல்லாமல் வாங்கிய கடனுக்குத்தான் இது பொருந்தும். "பத்திரம் இருந்தால் சீக்கிரம் முடியும்" என்று யாராவது சொன்னால், கொடுப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மானியத்துக்கான விவரத்தைக் கிளையும் பதிவேற்ற வேண்டும். அவர்கள் மறந்தால் பணம் வராது. ஆண்டுதோறும் ஸ்டேட்மென்ட் வாங்கி மானியம் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் படிப்பை விட்டால் மானியம் போய்விடும்.

பேங்கில் சிக்குவது பெரும்பாலும் அப்பாவின் சிபில், அதாவது பழைய கடன்களை எப்படிக் கட்டினார் என்ற பதிவு. பழைய குழுக் கடனையோ பைக் கடனையோ பேசிக் குறைத்து முடித்திருந்தால் "செட்டில்டு" என்று பதிவாகி நிற்கும். முன்கூட்டியே ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். அப்பா வளைகுடாவில் இருந்தாலோ, தூத்தூர், வள்ளவிளைக்காரர்கள் போல ஒரு மாதத்துக்கு மேல் ஆழ்கடலில் இருந்தாலோ, அம்மாவை இணைக் கடன்தாரராகப் போடுவது எளிது. பிள்ளைக்குப் பதினெட்டு ஆகவில்லையென்றால் பெற்றோர் கையெழுத்தில் கடன் தரலாம். வயது வந்ததும் பிள்ளையிடம் ஒப்புதல் கடிதம் வாங்குவார்கள்.

கல்லூரியிலிருந்து போனஃபைடு சான்றும் (அங்கே படிக்கும் மாணவர் என்பதற்கான சான்று), வருட வாரியாக டியூஷன், ஹாஸ்டல், தேர்வு, புத்தகம் எல்லாம் பிரித்துக் காட்டிய கட்டண விவரமும் வாங்குங்கள். பட்டியலில் இல்லாத செலவுக்குப் பின்னால் பணம் கேட்க முடியாது. முதல் செமஸ்டரை நகை வைத்துக் கட்டிவிட்டு அப்புறம் லோன் கேட்பது நம் ஊரில் வழக்கம். கட்டிய பணத்தைக் கடனில் திருப்பித் தருவது பேங்க் மேனேஜரின் விருப்பம், ரசீது இல்லாமல் பேச்சே இல்லை.

கல்விக் கடனுக்கான பிஎம் வித்யாலக்ஷ்மி இணையதளத்தில் விண்ணப்பித்தால் தேதியோடு பதிவு இருக்கும். வாய்மொழியாக "இந்த பிராஞ்ச்ல ஆகாது" என்று திருப்பி அனுப்பினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கல்விக் கடனை மறுக்க மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அதற்கும் அசையவில்லையென்றால், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியான இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் மாவட்ட மேலாளரிடமோ, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலோ விண்ணப்ப எண்ணோடு மனு கொடுக்கலாம்.